நெற்றியோரப் பருக்களும் எலுமிச்சைச் சாறும்

அன்புள்ள சகோதரிக்கு, நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டு முகம் கழுவியும், இரவில் எலுமிச்சைச் சாறு தடவியும், நெற்றியோரத்துப் பருக்கள் குறையாமல் கன்னம்தான் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். தோலின் இயல்பான பிஎச் அளவு (அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண்; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது, சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்று நேர் எதிர்ப்பக்கம் நிற்பது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோல் எரியாமல் என்ன செய்யும்? சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கருந்திட்டும் விழலாம்.

காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீர். எண்ணெய்ப் பசைச் சருமம் என்றாலும் ஜெல் வகை மாய்ஸ்சரைசரும், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் வேண்டும்.

பருக்கள் நெற்றியோரத்தில் மட்டும் வருவதால், இரவில் தலைக்கு வைத்துப் படுக்கும் தேங்காய் எண்ணெய் மீதே எனக்குச் சந்தேகம். அதைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, ஷாம்பூவால் அலசிவிடுங்கள். தலையணை உறையையும் ஹெல்மெட்டின் உள்துணியையும் வாரந்தோறும் துவையுங்கள்.

அதன் பிறகும் பருக்கள் இருந்தால், 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை இரவில் மெல்லியதாகப் பூசலாம் (துண்டில் பட்டால் சாயம் போய்விடும்). பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து, பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கலந்த கிரீம்களை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள்.