நெல் களத்தில் ரேஸ் விட எந்த பேட்டரி?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்தில் இருக்கிறேன். 1/10 அளவு ரிமோட் பக்கி கார் வைத்திருக்கிறேன். 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டார். கூடவே வந்தது 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி. அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் சிமென்ட் களத்தில் நண்பர்கள் சேர்ந்து ரேஸ் விடுகிறோம். கடையில் 3எஸ், 5000 எம்ஏஎச், 100சி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். உங்களுக்கு 2எஸ், அதாவது இரண்டு செல்லை வரிசையாகக் கோத்த பேட்டரி போதும். அதிலும் நம்பகமான 2எஸ்.

முதலில் காரைப் பாருங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி பெட்டியின் மேலேயோ கையேட்டிலோ எத்தனை எஸ் தாங்கும் என்று போட்டிருக்கும். 2எஸ் மட்டும் என்றிருந்தால் 3எஸ் பேச்சே கிடையாது, மாட்டினால் ஈஎஸ்சி போய்விடும். 3எஸ் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் 3எஸ் 12.6 வோல்ட். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. வோல்ட்டை 3300-ஆல் பெருக்கினால், சுமை இல்லாத மோட்டார் நிமிடத்துக்கு 41,000 சுற்றுக்கு மேல் போகும். 2எஸ்ஸில் 8.4 வோல்ட், சுமார் 27,700 சுற்று. நம் ஊர்க் களத்தின் நீளத்துக்கு இதுவே அதிகம். 3எஸ் போட்டால் த்ராட்டிலை முழுசாக அழுத்துவதற்குள் வரப்பு வந்துவிடும். வேகம் காட்ட ஆசைப்படுபவர்களைவிட வளைவில் காரை நிதானமாகத் திருப்புகிறவர்தான் சின்ன டிராக்கில் முந்துவார்.

அடுத்து அந்த 100சி. சி என்பது பேட்டரியின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு கரண்டை எடுக்கலாம் என்ற கணக்கு. 5000 எம்ஏஎச்சில் 100சி என்றால் 500 ஆம்பியர். பல பேக்குகளில் மாட்டியிருக்கும் மஞ்சள் எக்ஸ்டி60 கனெக்டர் 60 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது! 500 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் பேட்டரிக்கு முன்னால் கனெக்டர் உருகும். இந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அச்சடிக்கிறது. பெயர் தெரிந்த கம்பெனியின் 50சி, பெயர் தெரியாத 100சி-யைவிட நன்றாக ஓடுவது சகஜம்.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? உள்மின்தடையை, அதாவது பேட்டரி தனக்குள்ளேயே கரண்டைத் தடுக்கும் அளவை வைத்து. ஓரளவு நல்ல சார்ஜர்களே ஒவ்வொரு செல்லுக்கும் இதை மில்லி ஓம் கணக்கில் காட்டும். பேக் முழுவதற்கும் 10 மில்லி ஓம் என்றால், 60 ஆம்பியர் இழுக்கும்போது 0.6 வோல்ட்தான் குறையும், 36 வாட் சூடாக வீணாகும். 30 மில்லி ஓம் என்றால் 1.8 வோல்ட் இறங்கும், 108 வாட் சூடு. பழைய நூறு வாட் குண்டு பல்பைப் பேட்டரிக்குள் எரியவிட்ட மாதிரி. இதற்கு மேல் கத்திரி வெயிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஓட்டி முடித்ததும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் 60 டிகிரியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

கொள்ளளவுக்கு வருவோம். பக்கி சராசரியாக 20 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 5000 எம்ஏஎச் கணக்குப்படி 15 நிமிடம் வரும். கடைசி ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டால் 12 நிமிடம். எலெக்ட்ரிக் கார் ரேஸ் பெரும்பாலும் 5 நிமிடம்தான் நடக்கும். அதற்கு ‘ஷார்ட்டி’ எனப்படும் குட்டை பேக்கே போதும், எடையும் குறையும். அது ஏறக்குறைய 96 மில்லிமீட்டர் நீளம், வழக்கமான நீள பேக் 138. வாங்கும் முன் உங்கள் காரின் பேட்டரி தட்டை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கார் குட்டிக்கரணம் போடும் வண்டி என்பதால் கெட்டியான பிளாஸ்டிக் கூடு போட்ட ஹார்ட் கேஸ் பேக் மட்டும் வாங்குங்கள். வெறும் உறை போட்டது விமானம் விடுகிறவர்களுக்கு.

லிப்போ மாட்டியதும் மறக்கக் கூடாத ஒன்று: ஈஎஸ்சியை நிக்கல் அமைப்பிலிருந்து லிப்போ அமைப்புக்கு மாற்றுங்கள். சிலவற்றில் சின்ன ஜம்பர், சிலவற்றில் பட்டன். மாற்றாவிட்டால் பேட்டரி காலியாவது தெரியாமல் ஈஎஸ்சி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போன லிப்போவைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். 3.2 வோல்ட்டில் நிறுத்தும்படி வைத்தால் நிம்மதி.

நம் டெல்டாவில் பேட்டரி ஓட்டிக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம் என்பேன். ஐப்பசி மழை பிடித்தால் கார்த்திகை முடிய களம் காயாது, காரும் பரணில். அப்போது முழு சார்ஜோடு அலமாரியில் கிடக்கும் பேக் உப்பிப்போகும். மழை தொடங்கும் முன் சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். கோடையிலும் இதே கதைதான்: ரேஸ் தள்ளிப்போனால் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை ஓட்டு வீட்டுப் பரணில் போட்டு வைக்காதீர்கள்.

சார்ஜ் எப்போதும் எல்லாச் செல்லும் சமமாக ஏறும் பேலன்ஸ் முறையில், 1சி-யில்: 5000 எம்ஏஎச்சுக்கு 5 ஆம்பியர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வைக்கோல் போர், பாய், மெத்தை பக்கத்தில் வேண்டாம். சிமென்ட் தரையில், ஆள் கூடவே இருந்து, ஒரு வாளி மணலோடு. உப்பிய பேக்கைக் குத்துவதோ வாய்க்காலில் எறிவதோ கூடாது. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

காசு எப்படிப் பிரிப்பது? ஒரு பெரிய 3எஸ்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் நடுத்தர 2எஸ் இரண்டு வாங்கிவிடலாம். ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜ் ஏறும். 12 வோல்ட் டிசி உள்ளீடும் உள்ள சார்ஜராகப் பாருங்கள். களத்தில் கரண்ட் இல்லாவிட்டாலும் டிராக்டர் பேட்டரியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம், 5 ஆம்பியர் சார்ஜ் 50 வாட்டைத் தாண்டாது. பழைய நிக்கல் பேட்டரியை வீசாதீர்கள். புதிதாகப் பழக வரும் சின்னப் பசங்களுக்கு அது சரியாக இருக்கும்.