தாங்கி உறையவில்லை, வால்வ்தான் உறைந்தது: வின்டர் கேள்வி-பதில்

வெளியே வைத்திருக்கும் தண்ணீர்த் தாங்கியும் குழாயும் உறைவதைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கனடாவின் ஒன்ராறியோவிலிருந்து.

ஏஜாக்ஸ்: பின்வளவில் 200 லீட்டர் மழைத்தண்ணீர் பீப்பா. வின்டரில் எப்படிப் பாதுகாப்பது?

பாதுகாக்க வேண்டாம், வெறுமையாக்குங்கள். ஒக்டோபர் முடிவதற்குள் வடித்துக் கவிழ்த்து வையுங்கள். பீலிக் குழாயைச் சுவரிலிருந்து தள்ளி நிலத்துக்குத் திருப்பிவிடுங்கள். தண்ணீர் ஐஸாகும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்காது.

பீற்றர்பரோ: கூண்டு போட்ட 1000 லீட்டர் தாங்கிக்குள் 1500 வாட் ஹீட்டர் இறக்கியும் தண்ணீர் வரவில்லை. இன்னும் பெரிய ஹீட்டர் வாங்கவா?

மேல்மூடியைத் திறந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. உள்ளே தண்ணீர் தண்ணீராகத்தான் கிடக்கும். உறைந்திருப்பது அடியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் 2 அங்குல வால்வ். எத்தனை தரம் எழுதினாலும் தாங்கியைத்தான் சூடாக்குகிறார்கள், வால்வை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1000 லீட்டர் தண்ணீர் 0 பாகைக்கு வந்த பிறகும், முழுதாக ஐஸாக 90 யூனிற்றுக்கு மேல் சூட்டை இழக்க வேண்டும். வால்வுக்குள் நிற்பதோ ஒரு கோப்பைத் தண்ணீர். அதற்கு ஒரு இரவு போதும்.

முதலில் தாங்கியை மூடுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 2 அங்குல நீல அல்லது பிங்க் ஃபோம் பலகை நாலு பக்கமும், மேலேயும் வேண்டும். அடியிலும் வேண்டும், மரத்தட்டுக்குக் கீழால் காற்று ஓடும்; அடிப்பலகையைத் தாங்கியை நிரப்புவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். மூட்டுகளை டேப்பால் ஒட்டுங்கள். காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். அது அடைபட்ட நிலையில் பம்ப் இழுத்தால் தாங்கி உள்ளே சப்பளியும்.

அடுத்தது வால்வ். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும், சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்தும் ஹீட் கேபிளை மூன்று நாலு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு ஃபோம் பெட்டி. பழைய வகைக் கேபிளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அந்த இடம் எரியும்.

ஹீட்டர் கடைசி. வெளியே −18 என்றால் மூடாத தாங்கி கிட்டத்தட்ட 1000 வாட் சூட்டைக் கொட்டும். நன்றாக மூடியது 100 வாட்டுக்குள் நிற்கும். அதற்கு 250 வாட் தாராளம். 1500 வாட் நாள் முழுக்க ஓடினால் 36 யூனிற். பில் வந்ததும் எனக்கு எழுத வேண்டாம்.

மார்க்கம்: கராஜிலிருந்து எக்ஸ்ரென்ஷன் வயர் இழுத்து ஹீட்டர் போடலாமா?

கூடாது. 1500 வாட் என்றால் 12 அம்பியருக்கு மேல். மெல்லிய வயர் சூடாகும், மூட்டு பனிக்குள் கிடக்கும். தனி லைனில், ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கில் (கரண்ட் கசிந்தால் தானாகவே நிறுத்தும் வகை), நேரடியாகக் கொடுங்கள். அது அடிக்கடி விழுகிறது என்று சாதாரண பிளக்குக்கு மாற்றாதீர்கள். பெரும்பாலும் ஹீட்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். தாங்கிக்குள் கையை விடுவதற்கு முன் ஹீட்டர் வயரைக் கழற்றுங்கள்.

பிரம்ரன்: தாங்கிக்குள் உப்போ கார் கூலன்டோ போட்டால் உறையாதுதானே?

−10க்கே 1000 லீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரை எந்தச் செடிக்கு விடுவீர்கள்? கார் கூலன்ட் நஞ்சு. நாய், ஆடு கொஞ்சம் நக்கினாலே போதும். அந்த எண்ணத்தை விடுங்கள்.

லின்ட்சே: நாலு அடி ஆழத்தில் குழாய் தாட்டு, உறையாத வகை முற்றப்பைப் போட்டோம். அதுவும் உறைந்துவிட்டது.

ஹோஸைக் கழற்றினீர்களா? அந்தப் பைப்பை மூடியதும் மேலே நிற்கும் தண்ணீர் அடித்துளையால் மண்ணுக்குள் வடிய வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் காற்று உள்ளே வராது, தண்ணீர் வடியாது. துளையைச் சுற்றி சல்லி போடாவிட்டாலும் இதே கதிதான்.

அதே வாசகர்: ஆடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் உப்புத்தண்ணீர்ப் போத்தலை மிதக்கவிட்டால் உறையாமல் இருக்குமா?

−3, −4இல் கொஞ்சம் உதவும். −20இல் போத்தலைச் சுற்றித் தொட்டி இறுகிவிடும்.

ஒஷாவா: கரண்ட் நின்றால் என்ன செய்வது?

நல்ல கேள்வி. 2013 டிசம்பர் பனிமழையின்போது ரொறன்ரோப் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் ஏராளம். நன்றாக மூடிய 1000 லீட்டர் தாங்கி நிறைந்திருந்து, தண்ணீர் 4 பாகையில் இருந்தால், −18இலும் 0க்கு வரவே இரண்டு நாளுக்கு மேல் எடுக்கும். அரைவாசி நிரம்பியது அவ்வளவு தாங்காது. வால்வ் மட்டும் அன்றிரவே இறுகிவிடும். ஹீட் கேபிளும் கரண்டில்தானே ஓடுகிறது. அதனால் தேவையான தண்ணீரை முதலே வாளிகளில் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள். இறுகிய வால்வின் கைப்பிடியை முறுக்க வேண்டாம், உடையும். சுடுதண்ணீரில் நனைத்த துவாயைச் சுற்றி, ஆற ஆற மாற்றுங்கள். காஸ் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது பிளாஸ்டிக்.