பிள்ளை வருவதற்குள் வீடு மாற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 36 வயது, தனியார் நிதி நிறுவனத்தில் வேலை. கணவருக்கு 41, மதுரையில் வீட்டுக்குக் கீழேயே மெஸ் நடத்துகிறார். எட்டு வயதில் ஒரு மகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இன்னொரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவுசெய்து, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிந்துவிட்டு, ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவாராம். எங்கள் வீட்டில் காலை நாலு மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் இரவு பதினோரு மணிக்குத்தான் அடுப்படி ஓயும். “இந்தச் சந்தைக்கா பிள்ளையைக் கொண்டுவரப் போற?” என்கிறாள் என் அக்கா. “பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தால் ஆகாதா, யார் எவரென்று தெரியாத பிள்ளை எதற்கு?” என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருவர், ஒரு நர்ஸ் மூலம் சீக்கிரமே ஏற்பாடு செய்யலாம் என்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் உறுதியான பிறகு சொன்னால் போதுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த நர்ஸ் பேச்சு. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். 2019இல் ராசிபுரத்தில் முன்னாள் செவிலியர் ஒருவர் குழந்தைகளுக்கு விலை பேசிய ஆடியோ வெளியாகி, பலர் கைதானது உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 2015ஆம் ஆண்டின் இளம் சிறார் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தண்டனையை விடுங்கள். ஆறு மாதம் மடியில் போட்டு வளர்த்த பிள்ளையை ஒருநாள் அதிகாரிகள் வந்து வாங்கிக்கொண்டு போனால், அதை நீங்கள் தாங்குவீர்களா? அந்தப் பிள்ளை தாங்குமா?

முறையான வழியில் தாமதம் இருக்கிறது, மறுக்கவில்லை. சின்னக் குழந்தை வேண்டுமென்று பதிந்தவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருப்பது இப்போது சாதாரணம். பதிந்து காத்திருக்கும் பெற்றோர் பல ஆயிரம் பேர். தத்துக்குத் தயாராக இருக்கும் குழந்தைகள் கொஞ்சம். ஆனால் அந்தத் தாமதத்துக்குள் நியாயமும் இருக்கிறது. வளர்க்க முடியாமல் குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாறுவதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் அதன் சொந்தக்காரர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். குழந்தை நலக் குழு அதன் பிறகுதான் ‘சட்டப்படி தத்துக்கு உரியது’ என்று அறிவிக்கும். எங்கோ ஒருத்தி தன் பிள்ளையைத் திரும்பக் கேட்க வருவதற்காகத் திறந்து வைத்திருக்கும் கதவு அது. அதற்காக நாம் காத்திருக்கலாம்.

மாமியார் சொல்வதும் சட்டத்துக்கு விரோதமானது இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்துச் சட்டப்படி உறவில் சுவீகாரம் எடுக்கலாம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில், மகள் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு மகளை எடுக்க முடியாது. காரா வழியில் அந்தத் தடை கிடையாது. ஆனால் மாமியாருடைய உண்மையான பயம் சட்டம் பற்றியது அல்ல என்பது உங்களுக்கே தெரியும். எந்த ரத்தம், எந்தச் சாதி என்பதுதான் அந்தக் கேள்வி. நாங்கள் மகளைத் தத்தெடுத்தபோது என் வீட்டிலும் ஒரு பெரியவர் இதையே கேட்டார். வாதாடி ஜெயிக்கப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை வந்த மூன்றாம் வாரம், காய்ச்சலில் அனத்திய குழந்தைக்கு அவரே சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டார். எல்லா வீட்டிலும் அப்படி ஆகிவிடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “அத்தை, உங்களுக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் சொல்லுங்க. பிள்ளை காதில் மட்டும் அந்த வார்த்தை விழக் கூடாது.” இதை உங்கள் கணவர் சொன்னால் இன்னும் நல்லது. அவர் பெற்ற மகன்.

சரி, இப்போது மகள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்தக் கடைசி வரிதான். எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதன் சம்மதக் கடிதமும் கேட்கப்படும். அதைச் சம்பிரதாயக் காகிதமாக நினைத்து நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். மெஸ்ஸுக்கு விடுமுறை விடும் நாளில், அவளும் நீங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். ‘உனக்கு விளையாட ஒரு தம்பிப் பாப்பா’ என்று ஆசை காட்டாதீர்கள். வருவது தம்பியா தங்கையா, எப்போது என்று உங்களுக்கே தெரியாது. வந்ததும் விளையாடாது. அழும், அவள் பென்சிலைப் பிடுங்கும். எட்டு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விகள் நேரானவை: “என் கட்டிலைக் கொடுக்கணுமா?”, “அந்தப் பாப்பாவோட அம்மா எங்கே?”, “என்னையும் இப்படித்தான் எடுத்தீங்களா?” ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதில் சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால் கோபப்படாமல், ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வேண்டாமுக்குப் பின்னால் இருப்பது, ‘இப்பவே அம்மா எனக்குக் கிடைக்கிறதில்லையே’ என்பதாக இருக்கும்.

உங்கள் அக்கா சொன்ன சந்தைக்கு வருவோம். சமூகப் பணியாளர் வரும் நாளுக்காக மாவு டப்பாக்களை ஒளித்து, கிரைண்டரை நிறுத்தி, வீட்டைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்காதீர்கள். ‘ஹோம் ஸ்டடி’ என்பது வீட்டின் அழகைப் பார்க்க வருவது இல்லை. குழந்தை எங்கே தூங்கும், யார் பார்த்துக்கொள்வார், கணவன் மனைவிக்குள் இந்த முடிவு ஒத்துப்போகிறதா, கடன் எவ்வளவு, மூத்த பிள்ளை என்ன நினைக்கிறாள், வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். மாமியாருக்கு முழு மனசில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பரபரப்பான வீட்டில் பிள்ளை வளர்வதில் தவறே இல்லை. கிரைண்டர் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ.

மாற்ற வேண்டியது சத்தத்தை அல்ல, முதல் சில மாதங்களின் நேரத்தை. அதற்கு இப்போதே ஆள் பாருங்கள். காலை நாலு மணிக்கு மெஸ்ஸைத் திறக்கக் கணவருக்குப் பதிலாக ஒருவர் பழகியிருக்க வேண்டும். தத்து விடுப்பு எத்தனை நாள் என்று உங்கள் அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். எல்லா நிறுவனத்திலும் ஒரே மாதிரி இல்லை.  ஏன் இப்போதே என்கிறேன் என்றால், உங்கள் முறை வந்து குழந்தையின் விவரம் காராவின் இணையதளத்தில் வந்த பிறகு முன்பதிவு செய்ய 48 மணி நேரம்தான். அப்புறம் 30 நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தி முகூர்த்த நாளில், ஐநூறு இலைக்குச் சமைத்துக்கொண்டிருக்கும்போது வரலாம். போனை எப்போதும் இருவரில் ஒருவராவது பார்த்துக்கொண்டிருங்கள். குழந்தையின் மருத்துவ அறிக்கையைக் காட்ட, நம்பிக்கையான ஒரு குழந்தை மருத்துவரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு தத்து ஆணை வருவதற்கு முன்பே, குழந்தை வளர்ப்புப் பராமரிப்பாக உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் தந்தது. 2022இலிருந்து மாவட்ட ஆட்சியர் தருகிறார். குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அவர்களைச் சோதனை அதிகாரிகளாக நினைக்காமல், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மகள் 14 மாதக் குழந்தையாக வந்தாள். முதல் இரவு அவள் அழவே இல்லை. ‘என்ன சமத்து’ என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நாலாம் நாள்தான் புரிந்தது. விளக்கை அணைத்ததும் கண்ணைத் திறந்தபடி, சத்தமே இல்லாமல் படுத்திருந்தாள். இல்லத்தில் வரிசையாகத் தொட்டில்கள், இரவெல்லாம் ஒரு விளக்கு. அழுதாலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஆயாதான் ஓடி வர வேண்டும். அழுது பயனில்லை என்று கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் வீடே அதிரக் கத்தினாளே, அன்றைக்குத்தான் அவள் எங்களை நம்ப ஆரம்பித்தாள்.

அதனால் நீங்கள் குழந்தையைப் பார்க்கப் போகும்போது இல்லத்து ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எப்படித் தூங்கவைப்பீர்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், பால் எவ்வளவு சூடு, எதற்குச் சிரிக்கும். வேறு மாநிலத்துக் குழந்தை என்றால் ‘வா’, ‘பால்’, ‘தூக்கம்’ என்று பத்துச் சொல்லாவது அதன் மொழியில் கற்றுக்கொண்டு வாருங்கள். அது படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் கொண்டுவாருங்கள். நான் துவைத்துவிட்டேன். அந்த வாசம் போனபின் அவள் அந்தத் துணியைத் தொடவே இல்லை. இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

முதல் ஒரு மாதம் சொந்தபந்தம் கூட்டம் வேண்டாம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது நீங்கள் இருவர் மட்டும். அக்காவும் மாமியாரும் உதவ விரும்பினால் சமையலையும் மூத்தவளின் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தினமும் அரைமணி நேரம், சின்னது தூங்கும்போதாவது, பெரியவளுக்கென்று ஒதுக்குங்கள்.

தத்துப் பிள்ளை என்பதைக் குழந்தையிடம் எப்போது சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். முதல் நாளிலிருந்தே, தாலாட்டோடு தாலாட்டாகச் சொல்லுங்கள். எப்போது தெரிந்தது என்று என் மகளிடம் கேட்டால், ‘எப்பவுமே தெரியுமே’ என்பாள். 18 வயதானால் தன் வேர்களைத் தேட அந்தப் பிள்ளைக்குச் சட்டம் இடம் தருகிறது; மறைத்து வைக்கும் காலம் இது இல்லை. அதே சமயம், அது எப்படி, எங்கே விடப்பட்டது என்ற விவரம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர் அக்கறையாகக் கேட்டாலும், ‘எங்க பிள்ளைங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மகளிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்தச் சம்மதக் கடிதத்தை அவள் கையாலேயே, அவள் வார்த்தையிலேயே எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டாம். அதில் ஒரு நகல் எடுத்து பத்திரமாக வையுங்கள். வரப்போகிற பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும் நாளில், அதை வாசித்துக் காட்டவேண்டியது உங்கள் மூத்தவள்தான்.