கன்னி நாயின் கண்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நான் அம்பாசமுத்திரம் பக்கம். ஆட்கள் வளர்க்கிற நாய், மாடு, கிடாக்களை வரைந்து கொடுப்பது என் வேலை. எனக்கு நார்கோலெப்ஸி என்ற தூக்க நோய் இருப்பதாகப் போன வருடம்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை வீட்டில் ‘சோம்பேறி’ என்றுதான் பெயர். பலமாகச் சிரித்தால் முழங்கால் மடங்கிவிடும். மதியம் கண்ணயர்ந்து விழித்தால் கை காலை அசைக்க முடியாது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கும். அந்தப் பார்வையில்தான் எல்லா மிருகங்களையும் வரைகிறேன். சமீபத்தில் வரைந்த ஒரு கன்னி இன வேட்டை நாயின் படத்தை, ஒரு கிடாவின் படத்தோடு இணைத்திருக்கிறேன். நாயின் சொந்தக்காரர் ‘செத்த நாய் மாதிரி இருக்கு’ என்று வாங்க மறுத்துவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் அந்த நாய் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

மாத்திரையைச் சாப்பிடுங்கள். பைக் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஓட்டுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்காமல் இனி தொட வேண்டாம். சரி, நாய்க்கு வருவோம்.

எனக்கும் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒன்று வந்தது. எருமை. திண்ணையில் படுத்திருப்பேன், நெஞ்சில் முன்னங்காலைத் தூக்கி வைக்கும். கத்த வாய் வராது. ‘அமுக்குவான்ல அது’ என்று சொல்லி ஆச்சி தலைமாட்டில் பழைய அரிவாள் ஒன்றை வைத்தாள். நாலைந்து முறைக்குப் பிறகு எருமை வரவில்லை, அரிவாளுக்குப் பயந்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கனவு வரும் தூக்கத்தில் மூளை உடம்பைக் கட்டிப்போட்டு வைக்கிறது. அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண்ணுக்கு அறையும் தெரியும், கனவும் தெரியும். மற்றவர்கள் படுத்துக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அந்தத் தூக்கத்துக்குள் போகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் கால் மணி நேரத்துக்குள்ளேயே போய்விடுவதுண்டு. எனக்கு எப்போதோ வந்த எருமை, உங்களுக்கு அடிக்கடி நாயாக வருகிறது.

இந்த நோயைப் புரிந்துகொள்ள உதவியதும் நாய்கள்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1970களிலிருந்து நார்கோலெப்ஸி உள்ள டாபர்மேன்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். பிடித்த தீனியைக் கண்ட சந்தோஷத்தில் அவை கால் மடங்கி விழும், நீங்கள் சிரிக்கும்போது ஆவது போலவே. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்ற பொருள் மூளையில் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அந்த நாய்களிடம் பழுதாக இருந்ததை 1999இல் கண்டுபிடித்தார்கள். உங்களைப் போல சிரித்தால் கால் மடங்குகிற மனிதர்களுக்குப் பெரும்பாலும் ஓரெக்சினைச் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருக்கும். வீட்டில் இன்னும் யாராவது சோம்பேறி என்றால் இதைச் சொல்லுங்கள்.

கன்னி நாயின் படத்தை மூன்று நாள் மேஜையில் வைத்துப் பார்த்தேன். தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்கிற கோணம், அந்த ஒடுங்கிய நெஞ்சு கதவு போல மேலே எழும்புகிறது. நின்றுகொண்டு வரைகிறவனுக்கு இது வராது. புருவத்துக்கு மேலே அந்தப் பழுப்புப் பொட்டும் பிரமாதம். ஆனால் கண்ணுக்கு வந்ததும் எனக்கும் உதைத்தது. நாலு காலிலும் நேராக நிற்கிறது, காது விறைத்திருக்கிறது, கண் மட்டும் பாதி மூடி, உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை ஏறி வந்திருக்கிறது. அந்த இமை தூங்கும் நாய்க்கு அப்படி ஏறும். விழித்து நிற்கிற நாய்க்கு ஏறினால் ஏதோ சீக்கு. நாய் வளர்க்கிறவர் பதறத்தானே செய்வார்? அதுவும் கன்னி, கண்ணால் முயலைக் குறிவைத்து ஓடுகிற சாதி. அதன் பிழைப்பே கண்ணில்தான் இருக்கிறது.

நம் பக்கம் சாஸ்தா கோயிலுக்கு மண்குதிரை செய்கிற வேளார் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். அதுவரை அது வெறும் மண். நாயின் சொந்தக்காரருக்குள்ளும் அந்தப் பழக்கம் கிடக்கிறது, ஓவியம் தெரியாதவர் என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்த அறையில் தூங்கியது நீங்கள். உங்கள் இமையை எடுத்து நாய்க்கு ஒட்டிவிட்டீர்கள். ஃபியூஸ்லி என்ற ஓவியர் 1781இல் வரைந்த ‘தி நைட்மேர்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். படுத்திருப்பவளின் நெஞ்சில் ஒரு பிசாசு குந்தியிருக்கும், திரையை விலக்கி ஒரு குதிரை தலை நீட்டும். குதிரையின் கண் பிதுங்கி விழித்திருக்கிறது. தூக்கம் அவளோடு நிற்கிறது. நீங்களே அனுப்பிய கிடாப் படத்தில் இதைச் செய்திருக்கிறீர்கள்: ஓரங்கள் கலங்கியிருக்கின்றன, தரை மூக்கை இடிக்கிறது, கிடா மட்டும் முழுக்க விழித்துப் பார்க்கிறது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு காலையில் அந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து நாயின் கண்ணை மட்டும் பத்துத் தடவை வரைந்து பாருங்கள். கட்டிலருகே நிற்கிற நாய் வராமல் போனாலும் போகட்டும். என் எருமை போய் நாற்பது வருடம் ஆகிறது, அதன் இடது கொம்பில் இருந்த வெடிப்பை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். எனக்கு வரையத் தெரியாது என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்த படத்தை அழித்துவிடாதீர்கள். விற்பதானால் விலை எழுதுங்கள்.