வாசகர் கேள்வி – பதில்: கைபேசிக்குள் வரும் வேட்பாளர்

கேள்வி: கடந்த தேர்தலின்போது, வேட்பாளர் ஒருவர் கடற்கரையில் உட்கார்ந்து வலையைச் சீர் செய்வதுபோல் எடுத்த ரீல்ஸ் என் கைபேசியில் நாள்தோறும் வந்தது. நான் அவரைப் பின்தொடர்பவன் அல்லன். அந்தக் கட்சிக்காரனும் அல்லன். அது எப்படி என்னிடம் வந்தது? அதற்கான செலவை யாராவது கணக்குப் பார்க்கிறார்களா?
— பாம்பன் வாசகர்

பதில்: பெரும்பாலும் யாரோ பணம் கட்டி உங்களிடம் அனுப்பியிருப்பார்கள். வேட்பாளர் தம் பக்கத்தில் இடும் பதிவு அவரைப் பின்தொடர்வோருக்கும், தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் வேறு சிலருக்கும் போகும். அதையே பணம் கட்டி விளம்பரமாக்கினால், ஊர், வயது எனக் குறித்துக்கொடுத்து, பாம்பனிலும் மண்டபத்திலும் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்ல முடியும். அதே நாளில் பரமக்குடி விவசாயியின் கைபேசியில், அதே வேட்பாளர் வைகைத் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். மேடையில் பேசுகிறவர் பேச்சை எல்லா ஊர்க்காரர்களும் ஒன்றாகக் கேட்டார்கள். இங்கே ஓர் ஊருக்குக் கொடுத்த வாக்குறுதி அடுத்த ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு இந்த முறையில் உறுத்தும் விஷயம் இதுதான்.

தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வேட்பாளர் தம் சமூக ஊடகக் கணக்குகளை, வேட்புமனுவுடன் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். சொந்தக் கணக்கில் இடும் சாதாரணப் பதிவு விளம்பரமாகக் கருதப்படாது. அதற்கு முன்சான்றிதழும் தேவையில்லை. பணம் கட்டி வெளியிடும் விளம்பரம் என்றால், ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். செலவுக் கணக்கில் நிறுவனத்துக்குக் கட்டிய தொகையோடு, ரீல்ஸைத் தயாரிக்க ஆன செலவும், கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பையன்களின் சம்பளமும் சேர வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் செலவு வரம்பு, சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய்.

இந்த வலையிலும் கிழிசல் உண்டு. வேட்பாளரின் பெயரைச் சொல்லாமல் கட்சி பொதுவாகச் செய்யும் விளம்பரம் கட்சியின் கணக்கில் போகிறது. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. 'அண்ணனின் தம்பிகள்' என்பதுபோன்ற பெயரில் யாரோ நடத்தும் பக்கத்துக்குப் பின்னால் வேட்பாளரின் பணம் இருக்கிறது என்று நிரூபிப்பதும் எளிதன்று. மெட்டா நிறுவனத்தின் 'ஆட் லைப்ரரி' என்ற பக்கத்தில் வேட்பாளரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் யார், செலவு ஏறத்தாழ எவ்வளவு, எந்த வயதினர் பார்த்தார்கள் என்பவை 7 ஆண்டுகள் வரை அங்கே இருக்கும்.

கேள்வி: எங்கள் விசைப்படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன், காற்று, புயல் கூண்டு பற்றிய செய்திகள்தாம் வரும். தேர்தல் வந்ததும் கட்சிக்காரர்களின் வீடியோக்கள் நிரம்பிவிடுகின்றன. மீனவர் கைது பற்றிய வீடியோ வந்தால் எது உண்மை என்றே தெரிவதில்லை.
— ராமேஸ்வரம் வாசகர்

பதில்: முதல் குறைக்குத் தீர்வு எளிது. அட்மின் மட்டுமே செய்தி இடலாம் என்று குழுவின் அமைப்பை மாற்றிவிடுங்கள். அரட்டைக்கு வேறொரு குழு இருக்கட்டும்.

இரண்டாவது குறை பெரியது. இந்தக் கடற்கரையின் வேதனை பிரசாரத்துக்கு எளிதில் பயன்படுகிறது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன கச்சத்தீவைப் பற்றிப் பிரதமர் மோடி 2024 மார்ச் 31 அன்று எக்ஸ் தளத்தில் எழுதிய பதிவு, நாடு முழுவதும் தேர்தல் பேச்சானது நினைவிருக்கும். அத்தகைய சூட்டில், என்றோ நடந்த கைதின் வீடியோவை நேற்று நடந்ததுபோல் யாராவது அனுப்பினால், பதறிப்போய் அடுத்தவருக்குத் தள்ளிவிடத்தான் தோன்றும். பல கை மாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வைத்த தடை இது. அந்த அம்புக்குறியைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். கைது வீடியோ என்றால் படகின் பதிவெண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்தப் படகு கரையில் நிற்கிறதா இல்லையா என்பதைச் சங்கத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இந்த வசதி சென்னையில் இருப்பவருக்குக் கிடையாது.

கேள்வி: மறைந்த தலைவரின் குரலில் வாக்குக் கேட்கிறார்கள். இது முறையா?
— கீழக்கரை வாசகி

பதில்: 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு விழாத் திரையில் செயற்கை நுண்ணறிவின் உதவியால் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலும் அதே வகையில் உருவாக்கப்பட்டு வெளிவந்தது. சொந்தக் கட்சியே இது செயற்கையாக உருவாக்கியதுதான் என்று தெரிவித்துச் செய்யும்போது அது ஒருவகை நினைவேந்தல் என்று ஏற்கலாம். எனக்கு அதுவும் உவப்பாக இல்லை, அது என் ரசனை. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது வேறு. அத்தகைய போலிகள் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் அவற்றை நீக்க வேண்டும் என்று ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. செயற்கையாக உருவாக்கிய படத்தில் குறைந்தது 10 சதவீதப் பரப்பிலும், ஒலிப்பதிவில் முதல் 10 சதவீத நேரத்திலும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் கூறியது. உங்களுக்கு வந்த குரலில் அந்த அறிவிப்பு இல்லையென்றால், 1950 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: பணமில்லாத சுயேச்சை, கைபேசியை மட்டும் நம்பி நிற்கலாமா?
— தொண்டி வாசகர்

பதில்: நிற்கலாம், சின்னத்தை அறிமுகப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை. 2024-இல் நம் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். மார்ச் 30 மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அந்த 20 நாளுக்குள் தம் சின்னமான பலாப்பழத்தை வாக்காளர் மனத்தில் பதிய வைக்க வேண்டியிருந்தது. அவர் இரண்டாம் இடம் பெற்றார், நவாஸ்கனி வென்றார். ஆனால் பன்னீர்செல்வம் முன்னாள் முதல்வர். முகம் ஏற்கெனவே தெரிந்தவர். முகம் தெரியாதவருக்கு மீன்பிடித் தடைக்காலம் ஒரு வாய்ப்பு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தேர்தல் அந்த நாட்களில் வந்தால், தொழிலுக்குப் போகாத ஆட்கள் கைபேசியோடு ஊரிலேயே இருப்பார்கள். நேரில் போய்ப் பார்த்த பிறகு அனுப்பும் வீடியோவைத்தான் அவர்கள் திறப்பார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: தேர்தல் முடிந்தபின் இந்தச் செலவுக் கணக்கை நம்மைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா?
— தேவிபட்டினம் வாசகர்

பதில்: முடியும். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் வேட்பாளர் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குத் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்வையிடலாம். விதிப்படி கட்டணம் 1 ரூபாய். போகும்போது, 'ஆட் லைப்ரரி'யில் கண்ட தொகையை ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள்.