பேங்க் ‘வரவு’ என்கிறது, டேலி ‘பற்று’ என்கிறது. எது சரி?

‘கல்லாவிலிருந்து 5,000 ரூபாயை பேங்கில் போட்டேன். பாஸ்புக்கில் வரவு (கிரெடிட்), கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் மட்டும் பேங்க் கணக்கு ஏன் பற்று (டெபிட்)?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான்.

பாஸ்புக் என்பது பேங்க் தன் பக்கத்திலிருந்து எழுதும் கணக்கு. நீங்கள் போட்டது அவர்களுக்குக் கடன், கேட்டால் திருப்பித் தர வேண்டும். அதனால் உங்கள் பெயரில் வரவு வைக்கிறார்கள். உங்களுக்கோ அது சொத்து; சொத்து கூடினால் பற்று. ஆகவே உங்கள் ஏட்டில் பேங்க் கணக்கு பற்று, கல்லாவில் பணம் குறைந்ததால் ரொக்கக் கணக்கு வரவு, இரண்டிலும் அதே 5,000.

‘வரவு’ என்றதும் வருமானம் என்று நினைத்துவிடுகிறோம், வம்பே அதுதான். கடனுக்குச் சரக்கு எடுத்தால் கொடுத்தவர் கணக்கில் வரவு வைப்போம். நம் கைக்கு ஒரு பைசா வந்திருக்காது.