பழைய செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை இயற்கைக் காப்பகமாக மாற்றும்போது உள்ளூர் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

நான் பிறந்தது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா பக்கம், ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). 2007-இல் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் வருவது இன்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனை வெட்டிய ஆற்றோர நிலம் ஒன்றைக் காடாக்கும் குழுவோடு சில வருடம் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் வைத்தோம். படம் போட்டுக் காட்ட எல்லாம் தயார். வந்தது நான்கு பேர்; அதில் ஒருவர் மண்டபத்துச் சாவி வைத்திருந்தவர். அந்த நேரத்தில் சனம் வேலைக்காட்டில் இருக்கும் என்பது லயத்தில் வளர்ந்த எனக்கே உறைக்கவில்லை. அடுத்த முறை மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது போய் உட்கார்ந்தோம். பேச்சு தானாக வந்தது.

மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "கோயிலை எடுப்பீங்களா?" என்றார் ஒரு பெரியவர். "சுடுகாட்டுக்குப் போற பாதையை அடைச்சிருவீங்களா?" என்றார் இன்னொருவர். தோட்டம் கைமாறும்போதெல்லாம் லயத்தைக் காலி செய்தவர்கள் அவர்கள். துரை போய் கம்பெனி வந்தது, கம்பெனி போய் வீடமைப்பு வந்தது, இப்போது காடு வருகிறது. அவர்களுக்கு என்ன வித்தியாசம்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் பறவை, பட்டாம்பூச்சி என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும்.

இருபது வருடம் மருந்தடித்த ஒரு அக்கா, நாங்கள் கன்று நட்ட பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, செம்பனையே அங்க நிக்கல. இதா நிக்கும்?" என்றார். மழைக்காலத்தில் பாதிக்கு மேல் அழுகிப் போனது. அதற்குப் பிறகுதான் அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு நடந்தோம். எந்த அல்லூரில் (வடிகாலில்) தண்ணீர் வற்றாது, காட்டுப்பன்றி எந்த வழியாக ஏறும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பள்ளத்தை ஈரமாகவே விட்டது நல்லதாகப் போயிற்று. ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்போங் குவாந்தான் கிராமத்தில் மின்மினிகள் ஆற்றோரத்து பெரெம்பாங் மரத்தில் மின்னுவதைத்தான் எல்லோரும் படகேறிப் பார்க்கிறார்கள். மின்மினியின் புழு கரைக்குப் பின்னால் ஈரமண்ணில் நத்தை தின்று வளர்கிறது. கரையில் மரம் மட்டும் நின்றால் போதாது.

பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களை மறந்துவிடாதீர்கள். அல்லூரை அடைத்தால் தண்ணீர் அவர்கள் நிலத்தில் ஏறும். வெட்டிய செம்பனைத் தண்டைத் துண்டாக்காமல் அப்படியே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, அவர்களுடைய இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும். அவர்கள் சண்டைக்கு வந்தால் "விழிப்புணர்வு இல்லாதவர்கள்" என்று எழுதிவிடுகிறோம். நியாயம் அவர்கள் பக்கம்தான்.

அடுத்தது கூலி. கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் வேலை) என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை இலவசமாகக் குழி தோண்டக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. வாழ்நாள் முழுக்க நாட்கூலிக்கு இதே மண்ணில் நின்றவர்கள். நாற்றங்கால், களை எடுப்பு, வழிகாட்டி வேலை எல்லாவற்றுக்கும் இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று பேசிவிடுங்கள். சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆற்றோரம் பத்து பூத்தே கிராமத்தில் கோப்பெல் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதும் அழிந்த காட்டில் மரம் நடுவதும் கிராமத்தாருக்கே வருமானம் தரும் வேலை.

கடைசியாக, எழுத்து. நிலம் மாநில அரசின் அதிகாரம். அரசு நிலமாக இருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் அரசிதழ் அறிவிப்பாக ஒதுக்க வேண்டும். எந்த நிலம், எந்த நோக்கம், எந்த அதிகாரியின் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வரும். அளவெடுக்கும் முன்பே கோயிலையும் பாதையையும் வரைபடத்தில் குறித்து ஊர்ப்பெரியவர்களிடம் காட்டுங்கள். எங்கள் ஊரில் கோயில் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. சுடுகாட்டுப் பாதை மட்டும் இன்னும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. அந்தப் பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.